பத்துப் பதினைந்து லட்சத்தில் ஸ்போர்ட்ஸ் கார்: சென்னையில் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் வீடு, சிறுசேரியில் வேலை. இடையில் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர். ஏழு வருடமாக இந்த வழியில் ஒரு டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சின்னச் சக்கரம்) வைத்த பெட்ரோல் ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். ஆபீஸில், அபார்ட்மென்ட் லிஃப்டில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் இந்த வண்டியைப் பற்றி யாராவது கேட்கிறார்கள். ஒருவருக்கு வாயால் சொன்னது அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு இந்த மாதிரி வண்டிகள்மேல் உண்மையான பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தினால்தான் குறைகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், எதை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்கள்? இரண்டு கதவு, தாழ்வான கூரை, அதுதானே?

உலக வழக்கில் அதுதான். இரண்டு பேர் உட்காரும் இடம், குறைந்த எடை, பின்சக்கரத்துக்குப் போகிற இழுவை. 1989 முதல் மஸ்தா செய்துவரும் எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். டொயோட்டாவின் ஜிஆர்86 இன்னொன்று. நடுத்தர வருமானக்காரரும் வாங்கலாம் என்று நினைத்துச் செய்த வண்டிகள். இரண்டையும் நம் நாட்டில் அந்தக் கம்பெனிகள் விற்கவில்லை. தனியாக இறக்குமதி செய்தால் சுங்க வரியும் மற்ற வரிகளும் சேர்ந்து வண்டியின் விலை இரட்டிப்பைத் தாண்டிவிடும்.

நம்மிடமும் முயற்சி நடந்திருக்கிறது. 1990களின் இறுதியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஃபைபர் உடம்போடு ஒரு சின்ன இரண்டு சீட் வண்டி செய்தார்கள். அழகான வண்டி, ஆனால் பரவலாக விற்கவில்லை. அதற்குப் பிறகு இந்தியாவில் கைக்கெட்டும் விலையில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நான்கு கதவுள்ள சாதாரண வண்டிக்குள் நல்ல இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் வைத்துத் தருவது என்றே ஆகிவிட்டது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்வது அந்த வகையைத்தான்.

என்னென்ன வண்டிகள் கணக்கில் வரும்?

ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021 செப்டம்பரில் வந்தது. 998 சிசி டர்போ, 120 குதிரைத்திறன். சாதாரண ஐ20-ஐவிட சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டீயரிங் கனம், சைலன்சர் சத்தமும் வேறு. நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வண்டி. அந்த ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் ரேஸ் டிராக்கும் இருப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

டாடா ஆல்ட்ராஸ் ரேசர். 2024 ஜூனில் 9.49 லட்சம் ஷோரூம் விலையில் அறிமுகமானது. 1199 சிசி டர்போ, இதுவும் 120 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல்.

கொஞ்சம் மேலே போனால் ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5. இரண்டுக்கும் ஒரே இன்ஜின்: 1498 சிசி, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஹூண்டாய் வெர்னா டர்போவில் 160 குதிரைத்திறன். இவை செடான்கள். ஓட்டிப் பார்த்தால் இந்தப் பெயருக்கு முழுத் தகுதி உள்ளவை என்பது தெரியும்.

பழைய வண்டிச் சந்தையில் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், ஃபியட் புன்டோ அபார்த். அப்புறம் டாடா டியாகோ ஜேடிபி. இதை நம் தமிழ்நாட்டுக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கைகோத்து 2018-ல் கொண்டுவந்தது. 114 குதிரைத்திறன், விலை 6.39 லட்சத்தில் ஆரம்பம். அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி அதற்குப் பிறகு வரவில்லை. பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-ல் நின்றுபோனது.

புது வண்டி என்றால் நீங்கள் வாங்கும் மாதத்தில் எந்த மாடல், எந்த கியர்பாக்ஸ் விற்பனையில் இருக்கிறது என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகை வண்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

சென்னை டிராஃபிக்கில் இதை எங்கே ஓட்டுவீர்கள்? காசு தண்டம்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

என் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வேலை கீழ்க்கட்டளையிலிருந்து கூடவே வருகிறது. சோழிங்கநல்லூரில் திரும்பினால் ஓஎம்ஆரில் இன்னொரு மெட்ரோ வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மூன்றாவது கியர் பார்ப்பதே அபூர்வம். அந்த ஒரு மணி நேரத்தில் 120 குதிரைத்திறனுக்கும் 80 குதிரைத்திறனுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

சாலை காலியாக இருந்தாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து சென்னை நகருக்குள் காருக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தடம் போட்டு ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்தினார்கள். நானும் போய்ப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. அங்கே சாலையை அடைத்து, வேலி கட்டி, ஆம்புலன்ஸ் நிறுத்தி ஓட்டினார்கள். மறுநாள் அதே நேப்பியர் பாலத்தில் 21ஜி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் சைக்கிள்காரரும் வந்துவிட்டார்கள். அங்கே நீங்கள் காட்ட நினைக்கும் வேகம் யாரோ ஒருவர் உயிரின்மேல் போகும்.

அப்படியானால் எதற்கு இந்த வண்டி? என் பதில்: 50 கிலோமீட்டர் வேகத்தில் சந்தோஷம் தருகிற வண்டியா என்று பாருங்கள். 180-ல் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தேவையே இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் யோசிக்காமல் உடனே திரும்புகிறதா, பிரேக்கை மிதித்தால் கால் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு பிடிக்கிறதா, இரண்டாவது கியரில் பாதி மிதிக்கும்போது முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறதா. இந்த மூன்றும் பள்ளிக்கரணைப் பாலம் ஏறும்போதும் கிடைக்கும், பெரும்பாக்கம் திருப்பத்திலும் கிடைக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஈசிஆரில் கிளம்புவேன். கண்ணாடி இறக்கினால் முட்டுக்காட்டில் உப்புக்காற்று. கோவளம் தாண்டியதும் லாரி இருக்காது, ஆள் நடமாட்டமும் குறைவு. நாலாவது கியரில் சட்டத்துக்குள் நிதானமாகப் போகிறேன், ஆனாலும் வண்டி உயிரோடு இருப்பது கையில் தெரியும். மாமல்லபுரத்தில் ஒரு காபி, எட்டு மணிக்குள் வீடு. அந்த ஒரு காலைதான் மிச்ச இருபத்தொன்பது நாளுக்கும் எனக்குத் தெம்பு.

வருடத்துக்கு இரண்டு தடவை ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு; ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கியரில் ஒவ்வொரு பெயர்ப் பலகையாகக் கடந்து மேலே ஏறும்போது இந்த வண்டிக்குக் கொடுத்த காசு எதற்கு என்று புரியும். எழுபது வளைவு வேண்டுமென்றால் கொல்லிமலை இருக்கிறது.

இந்த மாதிரிக் கிளம்புகிற ஆள் நீங்கள் இல்லையென்றால், வருடம் முழுக்க வீடும் ஆபீஸும்தான் என்றால், வாங்காதீர்கள். அந்தக் காசில் நல்ல ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினால் முழங்காலாவது பிழைக்கும்.

ஷோரூம் விலை ஒன்று, கையில் வாங்கும்போது ஒன்று. வித்தியாசம் எவ்வளவு வரும்?

இரண்டு வரிக்கோடுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் கோடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்கு 18 சதவீதம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40 சதவீதம். ஐ20 என் லைனும் ஆல்ட்ராஸ் ரேசரும் முதல் வகை, வெர்டஸும் ஸ்லாவியாவும் இரண்டாவது வகை. இதற்கு முன்பு சின்ன பெட்ரோல் காருக்கே செஸ் சேர்த்து 29 சதவீதம் இருந்தது. ஆகவே சின்ன டர்போ ஹேட்ச்பேக் ஆசைப்படுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல காலம்.

இரண்டாவது கோடு நம் மாநிலச் சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றிய கணக்குப்படி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேலே 20 சதவீதம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். அதே வண்டியில் சன்ரூஃப் ஆசைப்பட்டு 10.10 லட்சம் வேரியன்ட் எடுத்தால் 1,81,800 ரூபாய். இருபதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு வரி மட்டும் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் வேரியன்ட் எது என்று ஷோரூமில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

மாதாமாதம் என்ன செலவாகும்?

யானை வாங்குவது பெரிதல்ல, கட்டித் தீனி போட வேண்டும்.

பெட்ரோல். நகரத்துக்குள் என் வண்டி லிட்டருக்கு பத்தரை கிலோமீட்டர் தருகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 9,600 ரூபாய் ஆகிறது. லிட்டருக்குப் பதினான்கு தரும் சாதாரண ஹேட்ச்பேக்குக்கு 7,200. மாதம் 2,400 ரூபாய் கூடுதல். இதைத் தாங்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கையைக் கடிப்பது டயரும் பிரேக்கும். அகலமான, சுவர் குட்டையான 16 இன்ச் டயர் நான்கும் மாற்ற எனக்கு 30,000 ரூபாய்க்கு மேல் போனது, அதுவும் 35,000 கிலோமீட்டருக்குள். போன வருடம் மேடவாக்கத்தில் இரவு மழையில் தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்று தெரியவில்லை. "டொக்" என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சர் ஒட்டுவதுபோல் சரி செய்ய முடியாது. புது டயர்தான். சுவர் உயரமான டயராக இருந்தால் அந்தப் பள்ளம் ஒரு குலுக்கலோடு போயிருக்கும்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் இன்ஜின் அளவைப் பொறுத்தது: 1000 சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் இது. 998 சிசி இன்ஜினின் ஒரு சின்ன லாபம் இங்கே இருக்கிறது.

மேனுவல் வாங்கட்டுமா, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வாங்கட்டுமா?

இரட்டை கிளட்ச் பெட்டி என்பது உள்ளே இரண்டு கிளட்ச் வைத்த மேனுவல்தான். ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை கியர்கள் மற்றதில். ஒன்று ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்பதால் கியர் மாறுவது கண்ணிமைக்கும் நேரம்தான். நெடுஞ்சாலையில் அதற்கு ஈடே இல்லை.

ஆனால் இந்த விலை வண்டிகளில் வருவது பெரும்பாலும் உலர் கிளட்ச். சூட்டை இழுக்க எண்ணெய்க் குளியல் கிடையாது. பெருங்குடி சிக்னலில் மே மாதம் பிற்பகல், வண்டி அடி அடியாக நகர்கிறது. நீங்கள் காலை பிரேக்கிலிருந்து லேசாக எடுக்க எடுக்க, உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்கிறது. சூடு ஏறினால் உதறல் தெரியும், முற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும். தப்பிக்க வழி உண்டு. முன்வண்டிக்குப் பின்னால் இன்ச் இன்ச்சாக ஒட்டாமல், ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு சுத்தமாக நகர்ந்து சுத்தமாக நில்லுங்கள். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

என் தேர்வு மேனுவல். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் நிற்பவர் என்றால், அல்லது இடது முழங்கால் ஏற்கனவே வலிக்கிறது என்றால், ஆட்டோமேட்டிக் எடுங்கள். வாரன்டியைக் கூடுதல் வருடங்களுக்கு நீட்டித்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்பீட் பிரேக்கரில் அடி இடிக்குமா?

ஆல்ட்ராஸின் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர், வெர்டஸ் 179. தனியாகப் போனால் இடிக்காது. ஐந்து பேரும் லக்கேஜும் ஏற்றி, மாநகராட்சி அளவுக்குக் கட்டுப்படாமல் தெருக்காரர்களே போட்ட மேட்டில் ஏறினால் இடிக்கும். குறுக்காக, ஒரு சக்கரம் பின் ஒரு சக்கரமாக ஏற்றுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

நவம்பர், டிசம்பரில் இந்த ஆசைக்கு நாம் கொடுக்கும் விலை தெரியும்.

காற்றை இழுக்கும் குழாயின் வாய் பல வண்டிகளில் முன்பக்கம் தாழ்வாகவே இருக்கும். தண்ணீரை அது உறிஞ்சிவிட்டால் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் விட்டுக்கொடுக்காது, நடுவில் இருக்கும் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜின் முடிந்தது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் ஒரு மழைநாள் எனக்கு முன்னால் போன வண்டி நின்றுவிட்டது. ஓட்டியவர் பதற்றத்தில் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி "சார், சாவியைத் திருப்பாதீங்க" என்று கத்தி, தள்ளி மேலே ஏற்றினோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ய முயல்வதுதான் கடைசி அடி. அதற்கான நஷ்டத்தைச் சாதாரண முழுக்காப்பு பாலிசி தருவதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் காப்பு இருக்கிறது. சென்னையில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும், தாழ்ந்த வண்டிக்காரருக்கு இரட்டிப்பாக வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டையும் பார்த்தவர்கள் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கணக்கு இது: எதிரே போகும் வண்டியின் சக்கரம் பாதி மறைந்தால் நான் திரும்பிவிடுவேன். அன்றைக்கு லீவ்.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

முடியும். ஆனால் அம்மாவின் இடுப்புதான் இந்த வண்டியின் உண்மையான டெஸ்ட் ரிப்போர்ட். சஸ்பென்ஷன் இறுக்கமாக இருப்பதால் பின்சீட்டில் ஒவ்வொரு ஒட்டும் தெரியும். வாங்கும் முன் அவர்களைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வாருங்கள். பெரியவர்களோடு அடிக்கடி ஊருக்குப் போகிற குடும்பமென்றால் வெர்டஸ் மாதிரி செடான்தான் சரி. டிக்கியும் 521 லிட்டர். ஐ20-யில் 311.

பழைய வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், பொறுமை இருந்தால். நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் உரிமையாளர் ஆசையாக வாங்கி, மூன்று வருடத்தில் குழந்தை பிறந்து, பெரிய வண்டிக்கு மாறியிருப்பார். அவருடைய இழப்பு உங்கள் லாபம்.

பார்க்க வேண்டிய முதல் விஷயம், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது. சென்னையில் இதைத் தாண்டித்தான் மற்றதெல்லாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை, அது நிற்கும் வரை இழுங்கள். வெளியே தெரியும் முதல் இரண்டடியை எல்லோரும் துவைப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அடியை யாரும் தொடுவதில்லை. அங்கே காவிநிறக் கோடு ஒன்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். நறநறவென்று வண்டல் மண் விரலில் ஒட்டும். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஊறிப்போன கோணி வாசனையை எந்த சென்ட்டும் ரொம்ப நேரம் மறைக்காது.

அடுத்தது, முந்தையவர் இன்ஜினில் கை வைத்திருக்கிறாரா என்பது. கம்ப்யூட்டரை மாற்றி எழுதி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி ஆக்கியிருக்கலாம். நேராகக் கேளுங்கள், கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதிகள் விட்டுப்போயிருந்தால் டர்போ அதைத் தாங்கியிருக்காது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சின்னச் சக்கரத்துக்கு எண்ணெய்தான் உயிர்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். போலோ 2022-ல் நின்றாலும் அந்தக் கம்பெனி இங்கே இருக்கிறது. புன்டோ அபார்த் 145 குதிரைத்திறனோடு 2015-ல் பத்து லட்சத்துக்குள் வந்த அதிசயம். எனக்கு மிகவும் பிடித்த வண்டி. ஆனால் ஃபியட் கார்கள் இங்கே விற்பனையில் இல்லாத நிலையில், ஒரு முன் பம்பருக்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருப்பவர் மட்டும் அதைத் தொடலாம். வீட்டில் இன்னொரு கார் இருக்க வேண்டும்.

இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி (ரீமேப் செய்து), சைலன்சர் மாற்றினால் நன்றாக இருக்குமே?

வேண்டாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கம்பெனி செய்து பதிவான வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விழலாம். வாரன்டி போகும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் காரணம் தேட வேண்டிய அவசியமே இருக்காது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எங்கள் தெருவில் எண்பது வயதுக்காரர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வெடிக்கிற சைலன்சரால் அவர்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தால், அந்தப் பாவம் நமக்கு எதற்கு?

காசு கையில் இருந்தால் நல்ல டயரும் நல்ல பிரேக் பேடும் போடுங்கள். வித்தியாசம் அன்றே தெரியும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என் வண்டியை ஓட்டலாமா?

டிராக் டே என்று ஏற்பாடு நடக்கும் நாட்களில் கட்டணம் கட்டி ஓட்டலாம். ஒரு தடவையாவது கட்டாயம் போங்கள் என்று சொல்வேன்.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. ரொம்ப காலம் பந்தயமெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான். என் மாமா அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். பிறகு கிளப் சொந்தமாக இருங்காட்டுக்கோட்டையில் தடம் அமைத்தது, சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் நம் மாநிலத்துக்காரர்கள் என்பது தற்செயல் இல்லை.

போகும் முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். பழைய ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நாலு சுற்று ஓட்டியதும் அது கொதித்து ஆவியாகி, மிதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். மூன்று சுற்று வேகம், ஒரு சுற்று மெதுவாக ஆற விடுவது என்று ஓட்டுங்கள். சாதாரண பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் காப்பதில்லை. அங்கே இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது.

இ20 பெட்ரோல் டர்போ இன்ஜினைக் கெடுக்குமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த வண்டிகளில் எரிபொருள் படும் பாகங்கள் இருபது சதவீத எத்தனாலைத் தாங்கும்படி இருக்கின்றன. மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் போடத் தேவையில்லை. மேனுவல் புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவு போதும்.

என் பையனுக்கு இருபது வயது. லைசென்ஸ் வாங்கிவிட்டான். இந்த வண்டிதான் வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

இதைக் கேட்டவர் எங்கள் அபார்ட்மென்டில் இருக்கும் அண்ணன். அவரிடம் சொன்னதையே சொல்கிறேன்.

இப்போது வேண்டாம், அண்ணே. அவன் கெட்ட பையன் என்பதால் இல்லை. டர்போ வண்டியின் குணம் அப்படி. இரண்டாயிரம் ஆர்பிஎம் வரை ஒன்றும் செய்யாததுபோல் இருந்துவிட்டு, அதற்கு மேலே மொத்தமாக வரும். பழகாத காலுக்கு அந்த நேரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாது. பக்கத்தில் மூன்று நண்பர்கள் உட்கார்ந்து "மிதிடா" என்றால் இருபது வயதில் யார்தான் மிதிக்காமல் இருப்பார்கள்?

ஒரு ஸ்விஃப்ட் கொடுங்கள். 82 குதிரைத்திறன்தான், ஆனால் எடை குறைவு, ஓட்டச் சந்தோஷமான வண்டி. இரண்டு வருடம் அதில் மழை, இரவு, நெடுஞ்சாலை, மலை எல்லாம் பார்க்கட்டும். கூடவே மாதம் ஒரு முறை கோ-கார்ட் ஓட்டக் கூட்டிப்போங்கள். பின்சக்கரம் வழுக்கினால் எப்படி இருக்கும் என்பதை அங்கே கற்றுக்கொண்டால் ஆள் மேல் இடிக்காமல் கற்றுக்கொள்வான். எந்த வண்டி ஆனாலும் ஆறு ஏர்பேக்கும், வண்டி வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் இருக்கட்டும். பின்னால் உட்காருபவரும் பெல்ட் போடாமல் வண்டி நகரக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள்.

அந்த அண்ணன் பையன் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கீழே வந்து நிற்கிறான், ஈசிஆருக்குக் கூட வருவதற்கு.

எலெக்ட்ரிக் கார் இதைவிட வேகமாகக் கிளம்புமே?

கிளம்பும். சிக்னலில் எந்த டர்போ ஹேட்ச்பேக்கையும் பின்னுக்குத் தள்ளும், மாதச் செலவும் குறைவு. பேட்டரியின் எடை வளைவில் தெரியும். எனக்கு கியரும் இன்ஜின் சத்தமும் வேண்டும். உங்களுக்கு வேண்டாமென்றால் தாராளமாக எடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?

ஷோரூம்காரர்கள் வழக்கமாக ஒரு நேர்சாலையில் இரண்டு கிலோமீட்டர் கூட்டிப்போய்த் திரும்புவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. "தம்பி, என் வீட்டு வழியா போகலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஏறியதும் பாட்டை நிறுத்திவிடுங்கள். உங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றுங்கள், உங்கள் கேட்டுக்குள் ஒரு தடவை நுழைத்துப் பாருங்கள். நெரிசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். கிளட்ச் கனம் அங்கேதான் காலுக்குத் தெரியும். பழக்கமான ஒரு திருப்பத்தில், தினமும் போகும் அதே வேகத்தில் திருப்புங்கள். கை தானாகச் சரியான இடத்துக்குப் போய் நிற்கிறதா, இல்லை நடுவில் திருத்த வேண்டியிருக்கிறதா? பின்னால் யாரும் இல்லாத இடத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, 40-லிருந்து அழுத்திப் பிரேக் போடுங்கள்.

திரும்பி வந்து நிறுத்தியபின் அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அந்த வாரத்தில் உங்கள் பழைய வண்டியில் அதே திருப்பத்துக்கு வரும்போது கை அந்த ஸ்டீயரிங்கைத் தேடுகிறதா என்று கவனியுங்கள். தேடினால் போய்க் கட்டுங்கள்.